இடமாகச் சுற்றிய கணக்கு

பௌர்ணமிக்கு முன்தினம் சாயங்காலமே செங்கம் சாலையில் பலூன்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். வாயு உருளையின் மூக்கில் பலூனை மாட்டித் திருகைத் திறந்தால் புஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமாக, கொஞ்சம் கோபமாக, வெகுநேரம் மூச்சை அடக்கி வைத்திருந்த ஒருவர் அதை விட்டுவிடுவதைப் போல. பின்னாலேயே புது ரப்பரின் வாடை மாடி ஜன்னல்வரை ஏறி வரும். தெருவுக்கு அது, கூட்டம் வரப்போகிறது என்று சொல்கிற சத்தம். எனக்கு மட்டும் அது அக்காவின் குரலை இழுத்துக்கொண்டு வரும்: “இருநூத்தி எழுபத்தி மூணு சேத்தாச்சாடா?”

அந்த வருஷம் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு அவளைவிட இரண்டு கம்மி. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சீட்டு எழுதுவாள், குழாய்களைக் கழுவி வைப்பாள், ஊசியைக் கண்டு அலறும் குழந்தைகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். ஊசியை மட்டும் அவள் தொடக் கூடாது. தொட வேண்டுமானால் ஓராண்டுப் படிப்பு ஒன்று படிக்க வேண்டும். அதில் சேர பிளஸ் டூ அறிவியல் வேண்டும். அக்காவுக்கு பிளஸ் ஒன் பாதியில் கல்யாணம் ஆகிவிட்டது. அவளுடைய இயற்பியல் புத்தகம் பிறகு எனக்கு வந்தது. வெப்பம் என்ற பாடம்வரை பென்சில் கோடுகள். அதற்கப்புறம் வெள்ளைத் தாளாக, யாரும் நடக்காத மணல் மாதிரி இருக்கும்.

திறந்தநிலைப் பள்ளியில் பதிந்துகொண்டு, மற்ற தாள்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேறித் தள்ளிவிட்டாள். இயற்பியல் மட்டும் இரண்டு முறை அவளைத் தள்ளிவிட்டது. இந்த மூன்றாவது முறையோடு பதிவு காலாவதி. தவறினால் எல்லாத் தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். முதலிலிருந்து என்றால் தன்னால் ஆகாது என்று, என்னிடம் பாடம் கேட்க வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் ஒரு காலத்தில் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். இப்போது பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்துக்கொண்டு செங்கம் சாலைச் சந்தில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். கீழே காப்பிக் கடை, எதிரே வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி, எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை. ஞாயிறு காலை அக்கா பஸ்ஸில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, படியேறி வருவாள். வந்ததும் வேர்க்கடலைப் பொட்டலத்தை மேசை மேல் வைப்பாள். அது அவர்கள் நிலத்துக் கடலை. “உரிச்சுக்குனே சொல்லு,” என்பாள். எனக்கு உட்கார்ந்து சொல்லித்தர வராது. அறைக்குள் நடந்துகொண்டே பேசுவேன். நான் கதவுக்கும் ஜன்னலுக்கும் போய் வருவதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உன் முடுக்கத்தை முதலில் குறை, எனக்குத் தலை சுற்றுகிறது என்பாள். பாடத்தில் வந்த சொல்லை அன்றே புழக்கத்தில் விட்டுவிடுவது அவள் பழக்கம்.

இயற்பியல் கணக்குகளின் மொழி ஒரு தனி மொழி. உராய்வைப் புறக்கணிக்க. காற்றின் தடையைப் புறக்கணிக்க. கயிற்றின் நிறையைப் புறக்கணிக்க. கலத்தின் வெப்ப ஏற்புத்திறனைப் புறக்கணிக்க. எனக்கு இந்த வரிகள் எப்போதும் ஒரு பிரார்த்தனை மாதிரி கேட்கும். உலகத்தின் பிசுக்கையெல்லாம் கழுவிவிட்டு, ஒரே ஒரு கல்லை, ஒரே ஒரு சரிவை மட்டும் மிச்சம் வைத்து, அது உருளுவதைப் பார்க்கச் சொல்கிற வரிகள். அக்காவுக்கு அப்படிக் கேட்கவில்லை. ஒருநாள் கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள்:

“எல்லாத்தையும் புறக்கணி, புறக்கணின்றான். என்ன மட்டும் விடாம புடிச்சு ஃபெயில் போடுறான்.”

வெப்பம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அதிலும் உள்ளுறை வெப்பம். பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும்போது நீ எவ்வளவு சூட்டைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், வெப்பநிலை மட்டும் ஏறாது, பூஜ்யத்திலேயே நிற்கும், வாங்கிய சூடெல்லாம் உள்ளே எதையோ அவிழ்த்துக்கொண்டிருக்கும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் சட்டென்று, “உங்க மாமா மாதிரின்னு சொல்லு,” என்றாள். மாமா என்றால் அவள் கணவர். உங்க அக்கா ராக்கெட் விடப் போறா மச்சான் என்று என்னிடம் கேலி பேசுவார். இரண்டாம் முறை அவள் தவறியபோது அந்தக் கேலிகூட வரவில்லையாம். முகத்தில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் பார்த்தால் அடுக்களைச் சுவரில், அவள் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற இடத்துக்கு நேர் மேலே, புதிதாக ஒரு விளக்கு.

வாயுக்களில்தான் அந்த இருநூற்று எழுபத்து மூன்று. மூடிய கலத்தில் இருபத்தேழு டிகிரியில் இருக்கிற வாயுவை ஐம்பத்து நாலுக்குச் சூடாக்கினால் அழுத்தம் எவ்வளவு ஆகும்? அக்கா யோசிக்காமல் இரண்டு மடங்கு என்பாள். இருபத்தேழு இரண்டு முறை ஐம்பத்து நாலு. கண்ணுக்கு நேரே இருக்கிறது. இல்லை, டிகிரியை அப்படியே போடக் கூடாது, கெல்வினுக்கு மாற்ற வேண்டும். அது முன்னூறு, இது முன்னூற்று இருபத்தேழு. பத்தில் ஒரு பங்குகூட ஏறாது என்பேன். நாம் பூஜ்யம் என்று சொல்வது உண்மையான பூஜ்யம் இல்லை, அது இன்னும் இருநூற்று எழுபத்து மூன்று படி கீழே இருக்கிறது. அன்று ஜன்னலுக்கு வெளியே பலூன்காரரின் உருளை சீறிக்கொண்டே இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்ப எல்லாருமே முதல்லேர்ந்து தொடங்கலையா என்று கேட்டாள். கணக்குக்கு வெளியே போய்விட்ட கேள்வி அது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இருநூற்று எழுபத்து மூன்றைச் சேர்க்க ஆரம்பித்தாள். ஒருமுறை கல் விழுகிற கணக்கில் கிணற்றின் ஆழத்தோடும் சேர்த்துவிட்டாள். கல் தண்ணீரைத் தொட வெகுநேரம் ஆயிற்று.

இதெல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. சரியாகாத தவறு ஒன்று இருந்தது. அது எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பல ஞாயிறுகள் ஆயின.

சார்புத் திசைவேகம். ஒரே திசையில் போகும் இரண்டு வண்டி என்றால் ஒன்றின் வேகத்திலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். எதிரெதிரே வந்தால் கூட்ட வேண்டும். கேள்வியில் எதிரெதிர்த் திசை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அக்கா கழிப்பாள். சொல்லித்தருவேன், தலையாட்டுவாள், சரியாகச் செய்வாள். அடுத்த வாரம் மறுபடி கழிப்பாள். முந்தைய இரண்டு தேர்விலும் இதே மாதிரிக் கேள்வி வந்து இதே மாதிரிதான் போயிருக்கிறது. கணக்கில் ரயில், கார், படகு எது வந்தாலும் அவள் கண் கொஞ்சம் மேலே போகும், உதடு அசையும், பிறகு கழித்தல். எதைப் பார்க்கிறாய் என்று கேட்டதற்கு மழுப்பினாள். ஒருநாள் விடாமல், நீ மனசில் பார்க்கிறதை அப்படியே வரைந்து காட்டு என்றேன்.

பென்சிலை எடுத்தாள். ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்கு நடுவில் ஒரு மலை. வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் இரண்டு அம்பு. இரண்டு அம்பும் ஒரே பக்கம் போயின.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கணக்கில் ஓடுகிற எல்லாவற்றையும் அவள் மலைப்பாதையில் ஓடவிடுகிறாள். ரயிலும் அங்கேதான், படகும் அங்கேதான். முதல் வாரம் இடப்பெயர்ச்சி சொல்லித்தந்தபோதே இதற்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் இடப்பெயர்ச்சி சுழி என்றதும் அவள் முகம் சுருங்கிப்போனது. அப்ப அவ்வளவு தூரம் கால் நோக நடந்தது எங்கே போயிற்று என்று சண்டைக்கு வந்தாள். நான் அதைக் கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் மனதில் மலையைத் தவிர வேறு வழியே இல்லை என்று தோன்றவில்லை.

எதிர்த் திசை என்று போட்டிருக்கிறதே என்றேன்.

“எதிர்த் திசையில யாருடா மலை சுத்துவாங்க?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

சின்ன வயதிலிருந்து மலையை வலமாகவே சுற்றியவர்கள் நாங்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம். அது ஒரு விதி என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை. தண்ணீர் கீழ்நோக்கி ஓடுகிற மாதிரி, கிரிவலம் போகிறவர் அந்தப் பக்கமாகத்தான் போவார். வேலைக்குப் போகிறவரும் ஆடு ஓட்டுகிறவரும் எந்தப் பக்கமும் போகலாம். அது வேறு நடை. சுற்றுகிற நடை என்றால் ஒரு பக்கம்தான். அந்த நடைக்குள் எதிரே ஒருவர் வருவது என்ற காட்சிக்கே அவள் கண்ணில் இடம் இல்லை. இல்லாத ஒன்றை அவள் எப்படிக் கூட்டுவாள்?

மலையை விட்டுவிடு, நேர்கோடு வரை, தண்டவாளம் வரை என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு வரைந்தாள். அடுத்த வாரம் தண்டவாளம் வளைந்துவிட்டது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை தீர்ந்துபோன ஒரு கணத்தில் சொன்னேன், நான் இடமாகச் சுற்றுகிறேன், நீ வலமாகச் சுற்று, எங்கே சந்திக்கிறோம் பார்ப்போம் என்று. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு வெகுநேரம் மலையைப் பார்த்தாள். பிறகு கணக்கு போட்டாள். பாதை பதினான்கு கிலோமீட்டர். அவள் நடை மணிக்கு மூன்று, என் நடை நான்கு. வழக்கம்போல முதலில் கழித்து, பதினான்கு மணி நேரம் என்று எழுதினாள். அவளே அடித்துவிட்டுக் கூட்டி, இரண்டு மணி நேரம் என்று எழுதினாள். ஆனால் என்னைப் பார்த்து எழுதினாள். நம்பி எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கு முந்தின நாளே வந்து தங்கினாள். வெயில் ஏறுவதற்கு முன்னே, சந்து முனையில் இருவரும் செருப்பில்லாமல் நின்றோம். ஒருவர் வேகத்தை ஒருவர் மாற்றக் கூடாது, போன் பேசக் கூடாது என்று ஒப்பந்தம். கணக்குப்படி மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் சந்திக்க வேண்டும். அவள் மேற்கே திரும்பி நடந்தாள். நான் கிழக்கே, ஊரைப் பார்த்து. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்று கையால் விரட்டினாள். விரட்டியபிறகும் அவள் முகத்தில், ஏதோ உடைகிற பாத்திரத்தைப் பார்க்கிற ஒரு பதைப்பு.

ஊருக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள் மனிதர்கள் எல்லாத் திசையிலும் நடக்கிறார்கள். பெரிய கோபுரத்தைத் தாண்டி, பாதையோரச் சன்னிதிகளில் ஒன்றான ஈசான்ய லிங்கத்தையும் தாண்டியபிறகுதான் தொந்தரவு தொடங்கியது. நெற்றி நிறைய விபூதியோடு, வெறுங்காலோடு, கைகளைத் தொங்கவிட்டு மெதுவாக நடப்பவர்கள் ஒவ்வொருவராக எனக்கு எதிரே வர ஆரம்பித்தார்கள். நானும் வெறுங்கால். என் நெற்றியிலும் அக்கா பூசிவிட்ட விபூதி. ஒருவர் கையைக் கூப்பி, சாமி ரூட்டு மாறி வர்றீங்க என்று பணிவாகச் சொன்னார். ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, “அண்ணா, ராங் ரூட்ல போய்க்குனு கீறீங்க,” என்றார். கொஞ்சம் தயங்கி, ஏறிக்கோங்க, திருப்பி விட்டுர்றேன், காசு வாணாம் என்றும் சொன்னார். தெலுங்கு பேசும் பெண்கள் கூட்டம் ஒன்று. அதில் பெரியவராக இருந்த அம்மாள் பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டி, என் இரண்டு தோளையும் பிடித்து, ஒரு பீரோவை நகர்த்துவதுபோல் என்னைத் திருப்பி நிறுத்தினார். மறுக்க முடியவில்லை. அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்து, அவர்கள் வளைவில் மறைந்தபிறகு மறுபடி திரும்பினேன். இளநீர்க்கடைக்காரர் மட்டும் நிதானமாக விசாரித்தார். அக்கா படிப்புக்காக இப்படிச் சுற்றுகிறேன் என்றேன். அவர் சீவிக்கொண்டிருந்த இளநீரை அப்படியே வைத்துவிட்டு, எந்தச் சாமியார் சொன்னாரு என்று கேட்டார்.

ஆனால் அந்த நடையில் எனக்கு வேறொன்று நேர்ந்தது. அதை அக்காவிடம்கூட நான் சரியாகச் சொன்னதில்லை.

இந்தப் பாதையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அத்தனை முறையும் நான் பார்த்தது முதுகுகளை. வேர்வையில் ஒட்டிய சட்டைகள், ஆடும் ஜடைகள், தோளில் தூங்கும் குழந்தையின் திறந்த வாய். கிரிவலம் என்பது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊரே நடப்பது. அன்றுதான் முதல்முறை முகங்களைப் பார்த்தேன். யாரும் எதிரே ஒருவர் வருவார் என்று தங்கள் முகத்தைத் தயார் செய்து வைத்திருக்கவில்லை. ஒருவர் அழுதுகொண்டு வந்தார், துடைக்கவும் இல்லை. ஒருவர் விரலில் எதையோ எண்ணிக்கொண்டு, எண்ணிக்கை தவறி, தானே சிரித்துக்கொண்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவளுக்கு வாய் ஓயாமல் அசைகிறது, அவனுக்கு மாட்டிக்கொண்ட முகம். ஒருவர் மலையைப் பார்க்கவே இல்லை, தரையை மட்டும் பார்த்தார், தரையிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் எல்லா முகமும் ஒரு நொடி மூடிக்கொண்டது, வீட்டுக்குள் யாரோ எட்டிப் பார்த்ததும் கதவைச் சாத்துகிற மாதிரி. அந்த மூடலுக்கு முந்தின நொடி இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை இடமாகச் சுற்றலாம் என்று தோன்றியது. தோன்றியதற்குப் பயமாகவும் இருந்தது.

கணக்கு தவறியது. தவறத்தானே செய்யும். சீரான வேகம் என்று நாங்கள் எழுதியிருந்தோம். என்னைப் பிடித்துப் பிடித்துத் திருப்பியவர்களை அந்தச் சமன்பாட்டில் சேர்க்கவில்லை. இரண்டு மணி நேரம் முடிந்தபோது நான் குபேர லிங்கத்தைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை. அக்கா ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று கும்பிட்டுத்தான் வருவாள் என்பதையும் நான் புறக்கணித்திருந்தேன். ஆனாலும் என்னைவிட அவள் கணக்குக்கு நெருக்கமாக வந்திருந்தாள். அவள் பக்கமிருந்து பார்த்தால் அடி அண்ணாமலையைக் கடந்து, புளியமரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த ஒரு நேர்ச் சாலை. அதன் மறுமுனையில் மூன்று பெண்கள். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, மஞ்சளாக ஒரு புடவை.

என்னைக் கண்டதும் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அதே நடையில் வந்தாள், கண்ணை என் மேலிருந்து எடுக்காமல். அந்த மூன்று பெண்களும் என்னை முறைத்துவிட்டுக் கடந்தார்கள். அக்கா என் முன்னால் வந்து, மூச்சு வாங்க நின்றாள். விபூதி வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. என் தோளுக்குப் பின்னால் நான் வந்த வளைவைப் பார்த்தாள். எட்டிப்போகும் பெண்களைப் பார்த்தாள்.

“அந்த மூணு பேரு முதுகையும் ஒரு மணி நேரமா பாத்துக்குனே வரேன்டா. எட்ட முடியல. அங்கயேதான் போறாளுங்க. நீ இப்பதான் அந்தக் கோடில தெரிஞ்ச. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிற.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ ஓடியும் வரல, நானும் ஓடியும் வரல,” என்றாள். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், “என் நடையும் சேந்து இல்ல வருது. உன்னுதும் என்னுதும் சேந்துல்ல வருது.”

அவ்வளவுதான். அத்தனை ஞாயிறு நான் கத்தியது அந்த ஒரு நேர்ச் சாலையில் அவளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முகம் வேகமாக வரும், முதுகு மெதுவாக வரும். அவள் அதற்குப் பிறகு கழிக்கவே இல்லை.

நான் மேற்கொண்டு என் பக்கமாகவே போய்ச் சுற்றை முடிக்கிறேன் என்றேன். விடவில்லை. சேர்ந்த பாவம் போதும் என்று கையைப் பிடித்துத் திருப்பினாள். நான் வந்த வழியிலேயே அவளோடு திரும்பி நடந்தேன். மலை இப்போது வலப்பக்கம் வந்துவிட்டது. இருவரும் ஒரே வேகத்தில் நடந்தோம். அதாவது அவள் வேகத்தில். இளநீர்க்கடையில் நின்றோம். கடைக்காரர் அக்காவிடம், ரிசல்ட் வந்துடுச்சாம்மா என்று கேட்டார். அவள் சிரித்துச் சிரித்துக் குடித்ததில் இளநீர் புடவையில் கொட்டியது. கோயிலை நெருங்கும்போது கேட்டாள், இப்போது நம் இருவருக்கும் நடுவில் சார்புத் திசைவேகம் எவ்வளவு என்று. சுழி என்றேன். இந்தச் சுழி பரவாயில்லை, கோபம் வரவில்லை என்றாள்.

சந்து முனைக்கு வந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவள் ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டாள். நான் பாதி போய்ப் பாதி திரும்பியவன். என் கணக்கில் மலை சுற்றப்படவே இல்லை. அவளுக்கு அது பொறுக்கவில்லை. உன் சுற்று பாக்கி நிற்கிறது, அதுவும் என்னால் நிற்கிறது என்று அன்றும் சொன்னாள், அடுத்த வாரமும் சொன்னாள். நடுவில் ஒரு பௌர்ணமி வந்தது. பலூன்கள் சீறின. எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. என்னைப் பார்க்க வந்த அக்கா, போனில் மாமாவிடம் அந்தப் பாக்கியையும் தன் தேர்வையும் சேர்த்து ஏதோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. கதவு திறக்கிற அளவு. தாளில் எதிரெதிரே வருகிற இரண்டு வண்டி வரவே இல்லையாம். கிணற்றில் விழுகிற கல் வந்தது, ஆழத்தோடு எதையும் சேர்க்கவில்லை என்றாள். ஓராண்டு கழித்து என் கையிலிருந்துதான் முதலில் ரத்தம் எடுத்துப் பழகினாள், இரண்டு இடத்தில் தவறாகக் குத்தி. காற்று நீக்கிய அந்தச் சின்னக் குழாய்க்குள் ரத்தம் தானாகப் பாய்ந்து ஏறியபோது, அழுத்த வேறுபாடுடா என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கு வலியில் ஒன்றும் புரியவில்லை.

ஆனால் பலூன் சத்தத்தோடு அக்காவின் அந்தக் குரல் வந்தபிறகு எனக்கு நினைவில் வருவது அவள் தேறிய நாள் இல்லை. தேர்வு நாளின் காலைதான்.

ஊருக்குள் ஒரு பள்ளியில் தேர்வு மையம். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று உடனே திரும்பிவிட்டார். வாசலில் அவள் பிள்ளைகள் வயதில் ஒரு கூட்டம், சூத்திரங்களை வாய்க்குள் மென்றுகொண்டு. அக்கா நடுவில் நின்றாள், கல்யாண வீட்டுக்கு வந்த பெரியம்மா மாதிரி. நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்திருந்த விதத்தில் அது கசங்கிவிட்டது. கேட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். காவலாளி, போட்டுக்கிட்டே போங்கம்மா, இது ஸ்கூலு என்றார். அவள் கேட்கவில்லை. வெறுங்காலோடு நாலு அடி உள்ளே போனவள், நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்று மணி நேரமும் நீ இங்கேயே நிற்கப் போகிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கசங்கிய சீட்டை உள்ளங்கையில் வைத்து நீவினாள். உள்ளே மணி அடித்தது.

“இங்க நிக்காதடா. உன்னப் பாத்தா எனக்கு எழுத வராது. அன்னிக்கி எனக்காகப் பாதில திரும்புனியே, அத முடிச்சுட்டு வா. நீ ஒரு சுத்து வர்றதுக்கும் நான் எழுதி முடிக்கிறதுக்கும் கிட்டத்தட்ட சரியா இருக்கும், அரை மணி பிந்துனா நான் நிக்கிறேன். என் செருப்பு இங்கயே இருக்கட்டும், நான் எங்கயும் போய்ட மாட்டேன். போ, மலைய வலப்பக்கமா வெச்சுக்குனு போ.”